துளை அளவு

படத்தின் முதல் கார்டில்
'கடலூரில் நடந்த உண்மைச் சம்பவம்' என்று போட
கம்பெனிக்கு ஓர் ஆதாரம் வேண்டுமாம்.
பஸ் காசும் மூன்று நாள் படியும் கொடுத்து
என்னை அனுப்பினார்கள்.

சம்பவம் இவ்வளவுதான்:
எண்பத்து நாலு. முதுநகர், கெடிலம் டாக்கீஸ், இரண்டாம் ஆட்டம்.
பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தவர்
நாற்காலியிலேயே செத்துப்போனார்,
பயத்தில்.

சோடாக்கடை சுக்கூர் சொன்னார்:
'வாய் பிளந்தது பிளந்தபடி, விழி திரையில் குத்திட்டபடி.'
சைக்கிள் டோக்கன் கொடுத்த அலமேலு சொன்னார்:
'வாய் பிளந்தது பிளந்தபடி, விழி திரையில் குத்திட்டபடி.'
துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர்
எண்பத்து நாலில் பிறக்கவே இல்லை.
அவரும் அதையே சொன்னார், கையை வேறு ஆட்டி.

நோட்டில் 'சாட்சிகள் மூன்று' என்று எழுதினேன்.
இரவு லாட்ஜில் அடித்துவிட்டு
'ஒன்று' என்று திருத்தினேன்.
கண்ணால் கண்டவன் திக்குவான், மாற்றிச் சொல்வான்,
இயைபுத் தொடையில் பேசமாட்டான்.

மறுநாள் மஞ்சக்குப்பத்தில், ஒரு பைண்டிங் கடையில்
பழைய கணக்குப் புத்தகத்துக்கு அட்டையாக ஒட்டியிருந்தது
அந்த ரோஸ் கலர் நோட்டீஸ்.
பிளந்தபடி, குத்திட்டபடி, எல்லாம் அதில்.
'திரையரங்கில் மறணம்!'
வல்லின ற போட்டு.
'தனியாக அமர்ந்து பார்ப்பவருக்கு ரூ. 1001.'
செத்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

பையிலிருந்த பத்திரிகைத் துணுக்கை எடுத்துப் பார்த்தேன்
(இயக்குநர் பெரிதாக நம்பியது அதைத்தான்).
அதிலும் 'மறணம்'.

ஆபரேட்டர் சூசைநாதன் புதுப்பாளையத்தில் இருக்கிறார்.
காது கேட்காது. எழுதிக் காட்டினேன்.
'மூணாவது ரீல் அறுந்துச்சு. லைட்டப் போட்டாங்க.
எல்லாரும் விசிலடிச்சாங்க. ஒருத்தர் அடிக்கல.'
பயந்தாரா?
'நான் பாத்தது கேபின் துளை வழியா.
துளை அளவுதான் சொல்வேன்.'

மூன்று நாளில் நோட்டில் நான்
கோடு போட்டு வைத்த ஒரே வரி.

சிங்காரத்தோப்பில் தையல்நாயகி
கணவர் பெயரை வாயால் சொல்லவில்லை,
பழைய ரேஷன் கார்டை நீட்டினார்.
அஞ்சாப்புலி.
அச்சில் ஏற்றியிருந்தால்
நோட்டீஸ் அன்றைக்கே படுத்திருக்கும்.

'படமா? அவரு எந்தப் படத்த முழுசாப் பாத்தாரு?
ஹார்பர்ல யூரியா மூட்ட, ரெண்டு ஷிப்டு.
வூட்ல கரண்டு இல்ல, கொசு புடுங்கும்.
ஒண்ணேகா ரூவாய்க்கு மூணு மணி நேரம் ஃபேன்.
தூங்கத்தான் போவாரு.
அன்னிக்கு எழுந்திருக்கல.'

புருஷனைப் பயந்தாங்கொள்ளி என்று
எந்தப் பெண்டாட்டி ஒப்புவாள்?
பேனாவை மூடப்போனேன்.

'மொதலாளி ஐந்நூறு குடுத்தாரு.
பயந்துதான் செத்தாருன்னு எழுதின தாள்ல
ரேக வெச்சேன்.
சின்னவனுக்கு அப்ப மஞ்சக்காமால.'

கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.
தன்னையே காட்டிக்கொடுக்கும் வாயை
நான் நம்புவது வழக்கம்.
பேனாவைத் திறந்தேன்.

எல்லாவற்றையும் போனில் சொல்லி முடித்ததும்
இயக்குநர் ஒன்றே ஒன்று கேட்டார்:
'அந்த ரேகை வெச்ச தாள் கிடைக்குமா?
கிடைச்சா அது போதும், ஆதாரம்.'

கார்டு அப்படியே இருக்கும்.

அன்றிரவு திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜில்
பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி சுற்றிச் சுற்றி மெதுவாகி
நின்றது.
அடுத்த கட்டிலில் யாரோ
ஆழ்ந்து மூச்சு விட்டார்கள்,
அசதியாக, உர வாடையோடு.

அறையில் நான் மட்டும்.
ஒற்றைச் சாட்சி. இருட்டு. அரைத் தூக்கம்.
காலையிலிருந்து மனசில் அதே கதை.

அறிக்கையில் சேர்க்கவில்லை.