மைனஸ் ஐந்து

மதிப்பெண் எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.
ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரிய
ரசீது போடுகிறவன் கல்லுப்பேட்டையில் நான் ஒருவன்தான் என்று
செயல் அலுவலரே சொன்னாராம்.

சமுதாயக் கூடத்தில் யார் கல்யாணத்துக்கோ கட்டிய காகிதப்பூ
இன்னும் அவிழ்க்கவில்லை.
'நம்ம ஊர் நமக்குத் தெரியுமா?' என்ற பேனரில்
துணைக்கால் மடிப்புக்குள் போய்
'தெரியும' என்று நின்றது.
முதல் பரிசு ஐந்து லிட்டர் குக்கர்.

ஐந்து மேசை. புளிமண்டி, பள்ளி ஆசிரியர்கள்,
ஆட்டோ ஸ்டாண்டு, அரிமா சங்கம்.
ஐந்தாவதாக வரவேண்டிய பட்டுக்கூடு வியாபாரிகள்
தருமபுரி ஏலத்துக்குப் போய்விட்டதால்
கூடம் பெருக்க வந்த மூன்று பேரை
அப்படியே உட்கார வைத்தோம்.
துடைப்பத்தை மேசைக்கடியில் தள்ளிவிட்டு
சாலம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேட்டவர் ஓய்வுபெற்ற சர்வேயர் முனிரத்தினம்.
சங்கிலி பிடித்து அளந்த குரல்.

சந்தை என்ன கிழமை?
எல்லா மேசையும் வியாழன் என்று கத்தியதில்
யாருக்கும் எழுதாமல் விட்டேன்.
கேழ்வரகு வண்டிக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சுங்கம்?
காலணா. ஆசிரியர்களுக்குப் பத்து.
ராயக்கோட்டை ரோட்டில் துரை வைத்த புளியமரம் எத்தனை?
புளிமண்டி மாரப்பன் சிரித்தார்:
வெட்டினதைச் சேத்தா, சேக்காமலா சார்?
சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு. பத்து.
மாட்டுத் தரகர் துண்டுக்குள் ஒரு விரலை மடக்கினால் என்ன விலை?
ஆட்டோ ஸ்டாண்டு துண்டில்லாமலே விரலைக் காட்ட
கூடம் குலுங்கியது.

ஏழாவது கேள்வி:
பழைய சந்தை மதிலுக்கு எத்தனை வாசல்?

மணி இருந்தும் மேசையைத் தட்டினாள் சாலம்மா.
அதுவரை அவள் மேசைக்குப் பூஜ்யம்.
"நாலு."

சர்வேயர் அட்டையைத் திருப்பினார். மூன்று.
கிழக்கே பெரிய வாசல், வடக்கே மாட்டு வாசல்,
தெற்கே மண்டி வாசல்.
வரைபடம் போட்டதே நான்தாம்மா.

"மேக்கால ஒண்ணு இருந்துச்சு சார்.
குனிஞ்சுதான் வரணும்.
எங்க மாமியா கூடையோட நொழஞ்சு நெத்தியில பட்ட தழும்பு
சாவுற வரைக்கும் இருந்துச்சு.
பெரிய வாசல்ல எங்கள உட்டது
சந்த கலைஞ்ச பொறவுதான். தொடப்பத்தோட."

அரிமா சங்கத்தில் ஒருவர் கைக்கடிகாரம் பார்த்தார்.
அது வாசல் இல்லம்மா, சந்து,
என்றார் மாரப்பன் மெதுவாக.
சொன்ன பிறகுதான்
தான் சொன்னது அவருக்கே கேட்டது.

விதிப்படி தப்புக்கு மைனஸ் ஐந்து.
சர்வேயர் என்னைப் பார்த்தார்.
பூஜ்யத்திலிருந்து ஐந்து போனால்
வரிப் புத்தகத்தில் பாக்கி என்று எழுதுவேன்.
யார், யாருக்கு என்று அதற்கொரு பத்தி உண்டு.
இந்தப் பலகையில் இல்லை.

எழுதினேன்.
என் கையெழுத்து தெளிவானது.
கடைசி நாற்காலிக்கும் தெரிந்திருக்கும்.

குக்கரை ஆசிரியர்கள் வாங்கிப் போனார்கள்.
கூட்டம் கலைந்த பிறகு
மூன்று பேரும் காகிதப்பூவை அவிழ்த்துப் பெருக்கினார்கள்,
பலகையைத் துடைக்கட்டுமா சார் என்று கேட்டுவிட்டுத்தான்
துடைத்தாள் சாலம்மா.

மறுநாள் வரி வசூலுக்குப் போகிறவன் மாதிரி
மேற்குப் பக்கம் போனேன்.
கட்டணக் கழிப்பிடத்தின் பின்சுவர், எருக்கஞ்செடி, பாட்டில் சில்லு.
முனிரத்தினம் சார் எனக்கு முன்னாலேயே வந்து
வேட்டியை மடித்துக் கட்டி நின்றிருந்தார்.
எதிரே மதிலில் பழைய கருங்கல்லுக்கு நடுவே
கொஞ்சம் செங்கல். மேலே குறுக்குக் கல் ஒன்று,
நடுவில் வழுவழுப்பாக.

எதுவும் சொல்லாமல்
டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.
மூன்றடி எட்டங்குலம்.
இரண்டாம் முறையும் அதுவே.

சாலம்மாவின் மாமியார் எவ்வளவு உயரம் என்று
நாங்கள் இருவருமே
கேட்டு வைக்கவில்லை.