மணிக்கு எழுநூறு

பீம்ஸ்வில், பெப்ரவரி. வெளியே மைனஸ் பதினெட்டு.
கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாங்கள்
அரைக்கைச் சட்டையில்.

முந்தாநாள் உகண்டாவில் வெட்டியவை
ஐஸ் பையோடு வந்து இறங்குகின்றன:
ஜெரேனியம், பைக்கு நூறு,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்.
இலை இரண்டு, கணு ஒன்று,
வெட்டுவாய் இன்னும் ஈரம்.

கணு மண்ணுக்குள் போக வேண்டும்.
இலை மண்ணில் படக் கூடாது.
அழுத்தினால் தண்டு நசியும், அழுத்தாவிட்டால் சாயும்.
இவ்வளவுதான் தொழில்.
மணிக்கு எழுநூறு குத்தினால்
ஹென்ட்ரிக் ஒன்றும் சொல்லமாட்டான்.
அறுநூற்றைம்பது என்றால்
பக்கத்தில் வந்து நின்று
காலநிலை பற்றிப் பேசுவான்.

ஸ்காபரோவில் ஒரு கூட்டம்.
மேடையில் ஒருவர் சொன்னார்,
நாமெல்லாம் வெட்டி நட்ட கிளைகள் என்று.
கை தட்டினார்கள்.
நான் என் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஐயா, கிளைக்கு ஏங்கத் தெரியாது.
வெட்டிய இடம் முதலில் காய்ப்பேறித் தடிக்கும்.
தடிப்பை உடைத்துக்கொண்டு
வெள்ளையாய் ஒரு முனை வரும்.
இருபத்திரண்டு பாகை அடிச்சூடு இருந்தால் பன்னிரண்டு நாள்,
இல்லாவிட்டால் அழுகல்.
உவமை வேண்டுமென்றால்
அழுகியதையும் எண்ணிக்கொண்டு போங்கள்:
நூற்றுக்கு நாலு,
வாளியில்.

ஊரிலும் கம்பு நட்டோம்தான்.
கதியால் போட்டு வேலி அடைத்தோம்.
அடுத்த மாரிக்கு, இரவோடிரவாய்,
அரை முழம் தள்ளி மறுபடி போட்டோம்.
துளிர்த்த பிறகு
எந்த நீதவானும் பிடுங்கச் சொல்லவில்லை.
அதனால் எனக்குத் தெரியும்,
வேர் அப்படியொன்றும் நல்ல பிள்ளை இல்லை.

இங்கே ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு:
அனுமதியின்றி இதைப் பெருக்கல் ஆகாது.
லுபீத்தா எழுத்துக் கூட்டி வாசித்துச் சிரித்தாள்,
நாலு பிள்ளை பெற்றவள்.
சிரித்தபடியே, கீழே விழுந்து மிதிபட்ட ஒன்றை எடுத்து
என் சோற்றுப்பெட்டிக்குள் போட்டாள்.
கீரை மிச்சத்தோடு
அது ஹமில்டன் வரை வேனில் வந்தது.

தயிர் டப்பா. அடியில் மூன்று ஓட்டை,
கரண்டிக் காம்பைச் சுடவைத்துக் குத்தியவை.
பேஸ்மென்ட் யன்னல், ஹீட்டருக்கு மேலே.
எழுநூறைக் கைகூசாமல் குத்துகிறவளுக்கு
இந்த ஒன்றில் விரல் நடுங்கியது.

பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன்.
ஒவ்வொரு இரவும், சப்பாத்தைக் கழற்றுமுன்,
இலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன்.
சும்மா வந்தது. திரும்பச் செருகினேன்.
மறுநாளும்.
பதினெட்டாம் நாளும்.
புதிதாய் வேலைக்கு வருகிறவர்களிடம்
தொடாதே, தொடாதே என்று
நான் கத்துவது இதற்குத்தான்.

மார்ச்சில் இரட்டை ஷிஃப்ட்.
அன்னையர் தினத்துக்கு ஊரெல்லாம் தொங்கப்போகிற கூடைகள்.
வந்தேன், விழுந்தேன், எழுந்து போனேன்.
தண்ணீராவது ஊற்றினேனா, ஞாபகம் இல்லை.

ஒரு ஞாயிறு யன்னல் துடைக்கையில்
முழங்கை பட்டு டப்பா சரிந்தது.
எட்டிப் பிடித்தேன், இலையில்.
இலை வந்தது. தண்டு வரவில்லை.
கையில் கிழிந்த பாதி இலை,
எலுமிச்சையும் இரும்பும் கலந்த வாசனை.
மண் தரமாட்டேன் என்றது.

லுபீத்தாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு சொல்: திருடி.
கொஞ்சம் கழித்து இன்னொன்று: என்ன நிறம்?

சீட்டில்லாத செடி.
பூத்தால்தான் தெரியும் என்று எழுதிவிட்டு
அலாரம் வைத்தேன்,
நாலரைக்கு.