3பி

காலையில் விரித்த வரைபடம்.
214/3-ஐ இரண்டாக உடைக்க வேண்டும்.
ஒரு கோடு, அவ்வளவுதான்.

பதினொன்றுக்குள் அந்தக் கோடு
ஏழு முறை பாதியில் நின்றது.
கல்யாணப் பத்திரிகை.
ஓய்வு பெறும் டிரைவருக்கு மோதிரம், தலைக்கு இருநூறு.
“மேடம், வருமானச் சான்று எந்த சீட்டு?”
குரூப்பில் யாரோ:
அய்யூர்ப் பக்கம் யானை இறங்கிருச்சாம்.
ஆபீஸே ஜன்னலுக்கு ஓடியது.
நானும்தான்.
தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டு மட்டும் தெரிந்தது,
ஒரு பஸ்கூட இல்லாமல்.

திரும்பி வந்தால்
ஸ்கேல் நகர்ந்திருக்கிறது, இரண்டு மில்லிமீட்டர்.
தாளில் இரண்டு;
தரையில் நான்கு மீட்டர்.
தம்பியின் கிணறு
அண்ணன் பக்கம் போய்விடும்.

போனை அணைத்து
பீரோவில், பழைய அடங்கல் கட்டுக்கு அடியில் வைத்தேன்.
மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன்.
கால் உரசிய சத்தத்தில்
ஹெட் கிளார்க் நிமிர்ந்தார், ஏதோ கேட்டார்.
எனக்குக் கேட்கவில்லை என்று
முதுகு சொன்னது.

கோடு போய்ச் சேர்ந்தது.

மசி காயட்டும் என்று திரும்பியபோதுதான்
கதவோரம் திம்மராயப்பா,
மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி.
ஒன்பதரையிலிருந்து நிற்கிறாராம்.

“வேலையா இருந்தீங்க...” என்றார்.

3பி அவருடையது.
கிணறும்.