சாய்ந்த பல்

முத்துப்பேட்டையிலிருந்து கயிறு கட்டி
இழுத்துக்கொண்டு வந்தார்கள்.
பானெட்டைத் தூக்கினேன், இறால் பெட்டி வாடை.
"கோவிலூர் வளைவுல ஒரு இருமல்கூட இல்ல,
அப்படியே நின்னுபோச்சு" என்றார் அசன் குத்தூஸ்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி
சகாயத்தைக் கைப்பிடி போட்டுச் சுற்றச் சொன்னேன்.
விசிறி சுற்றியது.
ரோட்டார் அசையவில்லை.
ஆயில் பம்பை உருவினேன்.
பல்லெல்லாம் மழுங்கி, சூப்பி எறிந்த பனங்கொட்டை.

இந்த இன்ஜினில் அப்படித்தான்.
கேம்ஷாப்ட் பம்பைச் சுற்றும்,
பம்பின் தலைக் காடியில் நாக்கை வைத்துக்கொண்டு
டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும்.
பொறிக்கும் எண்ணெய்க்கும் ஒரே பல்சக்கரம்.

"ரெண்டு வேலைய ஒரே ஆணியிலயா மாட்டுவான்?"
நான் பதில் சொல்லவில்லை.
அடித்தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திருச்சி பழைய இரும்புக் கடையிலிருந்து
எண்ணூறு ரூபாய்க்கு அவரே ஒரு பம்பு கொண்டுவந்தார்,
காகிதத்தில் சுற்றி, அல்வா மாதிரி.
மூன்று போல்ட்டு ஓட்டையும் பொருந்தின.
காடியும் அதே அகலம்.
உள்ளே தள்ளினால் கால் அங்குலம் வெளியே நின்றது.
சகாயம் சுத்தியலுக்குக் கை நீட்டினான்.
அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால்
தேயாமல் மிச்சமிருந்த பழைய பல் ஒன்று வலப்பக்கம் சாய்கிறது,
புதியது இடப்பக்கம்.
பழைய ஜீப்பில் கேமைச் சங்கிலி இழுக்கும்,
கிராங்க் போகிற பக்கமே போகும்.
இதில் சக்கரம் சக்கரத்தைத் தள்ளுகிறது,
எதிர்ப்பக்கம்.
உடம்பு ஒன்றுதான். சாய்வு வேறு.

கோரையாற்றங்கரையில் புஷ்பவல்லி வயலில்
தண்ணீர் இறைத்த ஜீப் இன்ஜின் ஒன்று கிடந்தது.
கரண்டு மோட்டார் வந்த பிறகு
கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன.
பணம் வேண்டாம் என்றார்,
பவர் டில்லர் சைலன்சருக்கு வெல்டிங் வைத்துக் கொடு.
வைத்துக் கொடுத்தேன்.
அதன் பல் வலப்பக்கம் சாய்ந்தது.

பேரிங்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.
அப்போதுதான் குத்தூஸிடம் சொன்னேன்:
தனித்தனி ஆணியில் மாட்டியிருந்தால்
எண்ணெய் செத்தது தெரியாமல்
பொறி தன்பாட்டுக்கு வெடித்துக்கொண்டே
திருத்துறைப்பூண்டி வரை போயிருக்கும்,
கிராங்க் உருகியிருக்கும்.
அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து
பம்பு நிறைய எண்ணெய் ஊற்றி இறக்கினேன்.
சாய்ந்த பல், இறங்கும்போதே திரும்பும்.
திரும்பப்போகிற அளவை முன்னாடியே
விட்டுவைக்க வேண்டும்.
இரண்டு தடவை ஒரு பல் தள்ளி விழுந்தது.
காடி நடுவில் இல்லை, மயிரிழை ஒதுங்கியிருக்கிறது,
நாக்கு ஒரு வாக்கில்தான் நுழையும்.
மூன்றாவது தடவை
நுழைந்த சத்தம் காதுக்கு வரவில்லை, விரலுக்கு வந்தது.

இன்ஜின் பிடித்தது.
கேஜ் முள் எழ ஏழு நொடி.
மூன்று பேரும் மூச்சு விடவில்லை.
பாமணியாற்றுப் பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது,
முள் எழுந்தது.

அந்த இடச்சாய்வுப் பம்பைத்
தூக்கிப் போடச் சொன்னார்.
எங்கோ ஒரு சங்கிலி இன்ஜின் இருக்கும் என்றேன்.
சாக்பீஸால் 'சங்கிலி' என்று எழுதி
பேன்பெல்ட் அலமாரியில் வைத்தேன்.

"அப்ப நீதான் வச்சுக்கிற" என்று
எண்ணூறை என் கூலியில் கழித்துக்கொண்டு
வண்டியை எடுத்தார்.