சொந்த ஊர்

அன்றைக்கு மட்டும்
தண்ணீருக்குக் கணக்கில்லை.
ஆளுக்கு ஒரு மக் என்று அளந்து ஊற்றும் ஹவில்தார்
டேங்கரின் குழாயைத் திறந்துவிட்டுத்
தள்ளி நின்றுகொண்டார்.
முப்பது அடி தள்ளி.
மூன்று முறை சோப்பு போட்டுக் குளித்தோம்,
பாலைவனத்தில், கொளுத்துகிற வெயிலில்.
ஸ்தனிஸ்லாஸ் பாடக்கூடச் செய்தான்.

அதற்கு முந்தைய நான்கு நாளும்
மண்ணைச் சுரண்டினோம்.
மேல்மண் அரை முழம், அதுவரைதான் உத்தரவு.
சுரண்டி, சாக்கில் கட்டி, குழியில் போட்டு,
வேறு மண்ணால் மூடி,
மூடிய மண்வெட்டிகளை இன்னொரு குழியில் போட்டு
அதையும் மூடினோம்.
(இரண்டாம் குழியை மூடிய மண்வெட்டியை
என்ன செய்தார்கள் என்று தெரியாது.)

முகக்கவசம் பத்துப் பேருக்கு மூன்று.
எனக்கு வாய்த்தது
வீட்டிலிருந்து கொண்டுபோன துவர்த்து,
நனைத்துக் கட்டியது.
நெஞ்சில் குத்தியிருந்த பிலிம் பட்டைகளைக்
கடைசி நாள் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.
அதில் என்ன பதிந்திருந்தது என்று
கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.
சொல்ல அவர்களுக்கும்.

உடுப்பு, பூட்ஸ், துவர்த்து
எல்லாம் குழிக்குப் போயின.
சட்டைப்பையில் அன்று காலை வந்த இன்லண்ட் கடிதம்,
பிரிக்காதது.
மூடிய பிறகுதான் நினைவு வந்தது.

ரத்தத்தில் வெள்ளையணுக்கள் பெருகிய வருடம்
நாகர்கோவிலில் மனு எழுதிக் கொடுத்தேன்.
பதினான்கு மாதம் கழித்துப் பதில், நல்ல தாளில்:
மனுதாரரின் சொந்த ஊரான சின்னவிளைக் கடற்கரை மணலில்
இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ளது.
எனவே நோய் பணியால் நேர்ந்ததென்று
கொள்வதற்கில்லை.

இரண்டு முறை வாசித்தேன்.
கட்டுமர நிழலில் நான் தூங்கிய மணல்.
லாரி லாரியாக ஆலைக்குப் போகிற மணல்.
அலை இறங்கும்போது
கறுப்பும் சிவப்புமாய்க் கோடு கோடாய்க் கிடப்பது.
அதைப் பிடித்துக்கொண்டு போய்
எனக்கெதிராகக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.
அதுவும் பொய் சொல்லவில்லை.
கேட்டதற்குப் பதில் சொன்னது.

பட்டிண்டா தர்லோக்குக்குப் பென்ஷன் கூடிவிட்டது.
அவன் மண்ணில் கோதுமை மட்டும்தான்.
ஸ்தனிஸ்லாஸ் கொல்லங்கோட்டுக் கல்லறையில்.
மனு போட அவனுக்கு ஆளில்லை.

நேற்றிரவு பெர்பெத்துவாவிடம் கேட்டேன்,
முதல் முறையாக.
அந்தக் கோடையில் ஒரு கடிதம் எழுதினாயே,
அதில் என்ன இருந்தது?
மீன் கழுவிய கையைத் துடைக்காமல் யோசித்தாள்.
"ஓர்மையில்ல. ஆடு குட்டி போட்டிருக்கும்.
நீரு பதிலு போடல்லங்கியது மட்டும் ஓர்மையுண்டு."
பிறகு,
"இன்னைக்கும் மூணு தடவ குளிச்சாச்சா?
கெணத்துல தண்ணி கெடக்காண்டாமா?"

இன்று மேல்முறையீட்டுப் படிவம்.
பெயர், சூசைநாயகம். பதவி, சப்பர்.
ஏழாவது கட்டம் சொந்த ஊர்.
எழுத்தர் பையன் நல்லவன்.
குரலைத் தாழ்த்திச் சொல்கிறான்:
"அம்மைக்க ஊரு எது?
பூதப்பாண்டி பக்கம் யாராவது உண்டுமா?
அத எழுதும்."

பேனா நின்ற இடத்தில்
ஒரு புள்ளி பரவுகிறது.
கீழே, என் செருப்பிலிருந்து உதிர்ந்து
அவனது மொசைக் தரையில் கொஞ்சம் மணல்.
"கெடக்கட்டும், பெருக்க ஆளு வரும்" என்கிறான்.

குனிந்து
விரலால் கூட்டி எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.
சின்னவிளை
என்று எழுதுகிறேன், கொட்டை எழுத்தில்.
அடுத்த கட்டம்
பின்கோடு கேட்கிறது.