கிழக்கு ஓரத்தில் ஏன் திணறுகிறது

முதலில் ஆட்டைப் பற்றி.
ஆமாம், தடவலாம்.
குனிந்து, முக்கோணப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.
ஆனால் கையிலிருக்கும் வரைபடத்தைத் தின்றுவிடும்.
அது கோளாறு இல்லை.
தங்கச்சிமடத்தில் அதற்குப் பெயர் ஆடு.

‘வாடை’யில் வாரம் மூன்று நாள்தான்
விசைப்படகு எடுக்க முடிகிறது,
மிச்ச நாளெல்லாம் கரையில் சும்மா நடக்கவா
காசு கொடுத்து வாங்கினோம் என்கிறார்
ஓஸ்லோவிலிருந்து ஒருவர்.
மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு, அண்ணே.
டோக்கன் இல்லாமல் இங்கே
கனவில்கூட நங்கூரம் தூக்க மாட்டார்கள்.

சேமித்த ஆட்டம் அழிந்துபோனதற்கு
ஒருமுறை மன்னிப்புக் கேட்டாயிற்று,
இன்னொரு முறையும் கேட்கிறேன்.
ஐஸ் கம்பெனி மாடியில் எங்களுக்கு ஒற்றை அறை.
கீழே கட்டி உடைக்கும் எந்திரம் ஓடினால்
மேலே டியூப்லைட் மூச்சு வாங்கும்.
அதைப் பார்த்துத்தான் நைனா
சேமிப்பிடத்தை டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் வைத்தான்:
கரண்ட் இருந்தால் சேமிக்கும், இல்லையென்றால்
விடியலிலிருந்து பிடித்ததெல்லாம் போச்சு.
அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.
நீங்கள் எழுதிய வசவுகளைப் படித்தபோதும், கொஞ்சம்.

‘கொண்ட’லில் ஜெட்டி முனையில்
முதுகைக் காட்டி நிற்பவரைப்
பேச வைப்பது எப்படி?
பதினொரு சீலா கொடுத்துப் பார்த்தீர்களாம்,
நடுச்சாமத்தில் மூன்று சுற்று சுற்றினீர்களாம்.
யாரோ கோப்புகளைக் குடைந்து
இன்னாசி என்ற பெயரில் ஓர் ஒலியை எடுத்திருக்கிறார்:
பதினேழு நொடி மூச்சு,
பின்னால் ஐஸ் உடைகிற சத்தம்.
சரியாகத்தான் எடுத்திருக்கிறார்.

நாற்பத்தாறு வரி எழுதி வைத்திருந்தேன் அவருக்கு.
வெள்ளிக்கிழமை வந்து பேசித் தருகிறேன் என்றார்.
புதன்கிழமை படகில் போனவர்
ஐந்து மாதம் கழித்து
சென்னை வரை விமானத்தில் வந்தார்.
படகு வரவில்லை.
மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்,
தாளைப் பார்த்தார்,
“இதெல்லாம் கிடக்கட்டும் பாப்பா” என்றார்.
அதற்கு முன் ஓடியதுதான் அந்தப் பதினேழு நொடி.
அவரைப் பேச வைக்க வழியில்லை.
பக்கத்தில் போய் நின்றால்
உங்கள் ஆளும் கடலைப் பார்ப்பான். அவ்வளவு உண்டு.

அப்புறம் அந்தச் சுவர்.
‘சோளக’த்தில் கிழக்கே போகப் போக
ஒன்றுமில்லாத நடுக்கடலில்
படகு முட்டி நிற்கிறதே,
உலகம் கட்டச் சோம்பலா என்று கேட்டவருக்கு:
எங்கள் தெருவில் விளையாடிய ஒரு பிள்ளையும்
இதைக் கேட்கவில்லை.
முட்டியதும் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்,
குளிக்கப் போய்த் தண்ணீர் இல்லாமல் திரும்புவதுபோல.
உங்கள் கேள்வியைவிட
அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

நான்காம் பாகம் எப்போது?
‘கச்சான்’ என்று பெயர் மட்டும் இருக்கிறது.
நைனா துபாயில் கணக்கு எழுதுகிறான்,
ராத்திரி ஒரு மணி நேரம் எனக்கு.
காற்றுக்குத் தேதி கேட்காதீர்கள்.

இன்னொன்று பாக்கி.
சுவர்ப் பக்கம் போனால் ஆட்டம் ஏன் திணறுகிறது?
கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பாருங்கள் என்று
மூன்று வருடமாகப் பதில் போட்டேன்.
பொய்.
அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது.
துறை, வலை காயும் மணல், நாற்பது பனை,
சைக்கிள் கடை, கோயில் மணி,
ஜெட்டி முனையில்
நம் பக்கம் பார்த்து நிற்கிற ஓர் ஆள்.
போகவே முடியாத இடத்துக்கு
உங்கள் எந்திரம் நொடிதோறும்
வெயிலும் நிழலும் கணக்குப் போடுகிறது.
எடுத்துவிட்டால் வேகம் வரும் என்கிறான் நைனா.

போன வாரம் திறந்தேன், அழிக்கத்தான்.
அங்கேயும் ஓர் ஆட்டை விட்டிருக்கிறேன் போல.
எப்போது விட்டேனோ.
பனையடியில் படுத்துக்கொண்டு
ஏதோ தாளை மென்றுகொண்டிருந்தது.