வேலிக்கு நத்தை சாட்சி

ஏப்ரல் கடைசியிலும்
கடற்காற்றுக்குப் பல் விழவில்லை.
டொக்கும் ஊரின் வடக்கு விளிம்பில் என் தோட்டம்:
நாலு எட்டு அகலம், பதினோரு எட்டு நீளம்.
பட்டர்ஹெட் லெட்டூஸ் விதை
எள்ளைவிட மெலிசு,
தும்மினால் போச்சு.
ஆழத்தில் போட்டால் முளைக்காது,
வெளிச்சம் கேட்கிற விதை அது.
அதனால் மண்ணை அல்ல,
மண் என்ற பெயரை மட்டும்
மேலே தூவினேன்.

பொட்டலம் முழுவதையும் ஒரே நாளில் விதைத்தது
என் பேராசை.

மே இரண்டாம் வாரம் பனி பொழிந்தது.
பழைய திரைச்சீலைகளைப் போர்த்தினேன்,
குளியலறைத் திரையையும் சேர்த்து.
காலையில் எண்ணினேன்: பத்தொன்பது.
இரண்டு இலை, நாலு இலை, பிறகு
எதையோ சொல்ல வந்து
வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டவள் போல
நடு இலைகள் உள்பக்கம் மடங்கின.

அப்போதுதான் நத்தைகள் வந்தன.

பகலில் ஒன்றும் தெரியாது.
இலையில் ஜன்னல்கள் மட்டும்,
வெள்ளி கோடு ஒன்று கல்மேல்.
ராத்திரி பதினொன்றுக்கு
நெற்றியில் விளக்குக் கட்டி,
இரவு உடைமேல் மழைக்கோட்டுமாகக்
குனிந்து பொறுக்கினேன்.
கொல்ல மனம் வரவில்லை.
வேலிக்கு அப்பால் வீசினேன்.

வேலிக்கு அப்பால் விப்ரன்.
படகுகளுக்குச் சாயம் பூசுகிறவர்.
அவர் வீட்டுப் படகு என் வெயிலை மறைக்கிறது என்று
மூன்று வருடத்துக்கு முன் ஒரு வார்த்தை சொன்னேன்.
அதோடு பேச்சு நின்றது.

மறுநாளும் அதே எண்ணிக்கை.
அதற்கு மறுநாளும்.
அவையே திரும்பி வருகின்றனவா,
அல்லது உலகத்தில் நத்தைக்குப் பஞ்சமே இல்லையா?
தெரிந்துகொள்ள
என் சிவப்பு நகச்சாயத்தால்
ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு பொட்டு வைத்தேன்.
இருபத்தாறு மணப்பெண்களை
வேலி தாண்டி அனுப்பினேன்.

நாலாம் இரவு
சிவப்புப் பொட்டுகள் ஒன்பது வீடு திரும்பியிருந்தன.
அவற்றின் நடுவே,
லெட்டூஸின் அடி இலையைத்
தன் சொந்தச் சொத்துபோல் தின்றுகொண்டு,
ஒரு நீலப் பொட்டு.

நீலம். படகின் நீலம்.

தலையைத் தூக்கினேன்.
முள்செடி வேலியின் இடுக்கில்
இன்னொரு நெற்றி விளக்கு
அசையாமல் நின்றது.
அவர் கையிலும் ஒரு வாளி இருந்தது.
யாரும் சிரிக்கவில்லை முதலில்.
பிறகு அவர்தான்,
"உங்களுடைய ஒன்று
என் கீரையில் இருக்கிறது,
சிவப்பும் நீலமும் இரண்டும் வைத்திருக்கிறது,
என்ன செய்ய?" என்றார்.
என்ன சொல்வது?
"அதை அப்படியே விடுங்கள்,
அதற்கு வழி தெரியும்" என்றேன்.

படகை அவர் இன்னும் நகர்த்தவில்லை.

ஜூன் பதினாலு.
பத்தொன்பதும் ஒரே வாரத்தில் முற்றின,
வெயில் ஏறினால் கொண்டை நீட்டிக் கசந்துவிடும்.
கத்தியை அடியில் வைத்தேன்.
அறுத்த இடத்தில் பால் கசிந்தது,
விரலில் ஒட்டி, உலர்ந்து, பழுப்பானது.
இரண்டை வேலியின் மேல் வைத்தேன்.
காலையில் காணோம்;
யார் எடுத்தது என்று கேட்கவில்லை.

வேகவைத்த முட்டை, வினிகர்,
ஒரு சிட்டிகை சர்க்கரை.
மூன்று முறை அலசிய பிறகும்
நடுவிதழின் மடிப்பில்
கடுகளவு நத்தைக் குஞ்சு ஒன்று,
ஓடு கண்ணாடிபோல்,
இன்னும் யார் சாயமும் படாமல்.
அதை எடுத்து
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
எந்தப் பக்கம் போவது என்று
யோசித்துக்கொண்டிருந்தது.